பதினைந்து நாட்களுக்குள்

டொரண்டோவில் இருக்கும் என் தம்பியின் அகதி விண்ணப்பத்தையும், பின்னர் மேல்முறையீட்டையும் நிராகரித்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால் அகதி என்று தீர்ப்புக் கிடைக்குமா? இங்கிருந்து புதிய பத்திரங்கள் அனுப்பட்டுமா?
— ஒரு வாசகர், பூலுவப்பட்டி முகாம், கோயம்புத்தூர்

அன்பரே, கலங்க வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். மேல்முறையீட்டுத் தீர்மானம் தம்பியின் கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் கனடா பெடரல் கோர்ட்டில் மறுபரிசீலனைக்கு அனுமதி கோரி மனுச் செய்தாக வேண்டும். உரிய காலத்தில் அது தாக்கலானால், முடிவு தெரியும்வரை நாடு கடத்தும் உத்தரவு பெரும்பாலும் தானாகவே நின்றிருக்கும்.

அந்தக் கோர்ட் தம்பியை அகதி என்று பிரகடனம் செய்வதில்லை. அவர் சொன்னது மெய்யா என்று புதிதாக விசாரிக்காமல், மறுத்தவர்கள் தங்கள்முன் இருந்த சாட்சியத்தை நியாயமாக எடைபோட்டார்களா, பேச உரிய சந்தர்ப்பம் அளித்தார்களா என்பதையே நீதிபதி ஆராய்ந்து, பிழை கண்டால் வழக்கை மேல்முறையீட்டு அமைப்பின் வேறோர் அங்கத்தினரிடம் மறு விசாரணைக்கு அனுப்புவார். அதை அற்பமென்று எண்ணற்க: நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அகதி கோருபவரை நேரில் கேட்டே தீர வேண்டும் என்று கனடா சுப்ரீம் கோர்ட் 1985 ஏப்ரல் 4 அன்று சிங் வழக்கில் விதித்ததும், நிராகரிக்கப்பட்டவர்கள் விடாமல் தொடுத்த மனுக்களால்தான்.

ஆகையால் முகாமில் புதிய பத்திரங்கள் திரட்டுவதில் இந்த நாட்களைச் செலவிடாதீர்கள்; பெடரல் கோர்ட் பொதுவாக அவற்றை ஏற்பதில்லை, மறு விசாரணை கிட்டினால் அப்போது உதவும். நிராகரிப்பின் காரணங்கள் அடங்கிய பிரதியுடன் தம்பி இன்றே வக்கீலைக் காணட்டும். பணவசதி இல்லையெனில் ஒன்டாரியோ சட்ட உதவி அமைப்பை அணுகட்டும்.