பித்தளைச் சட்டமும் ஒரு சின்ன ஆப்பும்

பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் என் முதல் '1851 நேவி' ரிவால்வரை வாங்கினேன். பித்தளைச் சட்டம், .44 குழல். உள்நாட்டுப் போரில் தென்மாநிலச் சிப்பாய் இடுப்பில் இருந்தது என்றார் விற்றவர். வீட்டில் பிரித்தால், ஒரு குட்டிச் சதுரத்துக்குள் இரண்டு எழுத்துகள். இத்தாலியச் சோதனைச்சாலை முத்திரை குத்திய ஆண்டின் குறி அது. என் போர்க்கால ஆயுதத்துக்கு என்னைவிட வயது குறைவு!

அந்த முத்திரையைத் தேடியிருக்கவே வேண்டாம். அந்த மாடலை உருவாக்கிய கோல்ட் நிறுவனம் அதை .36இல்தான் விற்றது. .44 என்று சொன்னதுமே நான் எழுந்து வந்திருக்கலாம். தென்மாநிலத்தாரின் பித்தளைச் சட்டம் கட்டுக்கதை அல்ல. ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் நிறுவனத்தார் செய்தார்கள். ஆனால் அவையும் .36தான், குழலும் கோல்ட் நேவியைப் போலன்றி உருண்டை. இன்றைய நகல்காரர்கள் பழைய மாடல்களின் அங்கங்களைக் கலந்து, அன்று இல்லாத பிறவிகளையும் விற்கிறார்கள்.

அசலிலும் ஒரே வடிவம் கிடையாது. முதல் 4,000 சொச்சத்தில் விசைக்காப்பின் பின்புறம் சதுரம்; பிறகு வளைவு. லண்டன் ஆலையில் 1853 முதல் 1856 வரை செய்தவற்றில் பெரும்பாலும் பித்தளைக் காப்புக்குப் பதில் இரும்பு. சிலிண்டரில் 1843ஆம் ஆண்டின் டெக்சாஸ் கடற்சண்டைச் சித்திரம். புழங்கிய அசலில் அது பாதிக்குமேல் தேய்ந்திருக்கும். கப்பலின் பாய்மரம்வரை பளிச்சென்று தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தோற்றம் மட்டுமல்ல, கட்டமைப்பையும் பார்க்க வேண்டும். ரெமிங்டன் ரிவால்வரில் சிலிண்டருக்கு மேலேயும் சட்டம் ஓடுகிறது. கோல்ட்டில் அது இல்லை. குழலை, சிலிண்டர் சுழலும் நடு அச்சோடு பிடித்துவைப்பது ஓர் ஆப்பு மட்டுமே. அசலில் அச்சின் நுனி குழலடித் துளையின் ஆழம்வரை முட்டி நிற்கும். நான் அடுத்து வாங்கிய நகலில் அச்சு குட்டை. ஆப்பை இறுக்க இறுக்கக் குழல் பின்னால் வந்து, சிலிண்டர் சுற்றாமல் சிக்கியது. தளர்த்தினால் ஆட்டம்.

சோதிப்பது எளிது. வெற்றுத் துப்பாக்கியில் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, குழலைப் பக்கவாட்டில் திருப்பி, அச்சில் முழுக்கத் தள்ளுங்கள். குழலின் அடிப்பாகம் சட்டத்தின் முகப்போடு நிற்காமல் அதைத் தாண்டிப் போனால் அச்சு குட்டை. துளைக்குள் ஒரு எஃகு வாஷர் போட்டால் தீரும். சரியான கனத்துக்கு அதை அரத்தால் தேய்க்க எனக்கு மூன்று ஞாயிறுகள் பிடித்தன. வாஷரின் விலை சில சென்ட்தான்.