நான்காம் பக்கத்தில் பேசுவது யார்?

கண்டாச்சிபுரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பா,

மண்டகப்பட்டுக் குடைவரை பற்றி நீ அனுப்பிய இயலை இரண்டு முறை படித்தேன். நேரில் போய்த் தூண்களை அளந்து எழுதிய பக்கங்களில் உன் குரல் கேட்டது. நான்காம் பக்கத்தில் மட்டும் வேறு யாரோ பேசினார்கள். படித்ததுமே நூலிலிருந்து வந்த பத்தி என்று தெரிந்துவிட்டது. அடிக்குறிப்பு இல்லை.

நீ வேண்டுமென்றே செய்திருக்க மாட்டாய். குறிப்பெடுக்கும்போது எது நூலாசிரியர் சொன்னது, எது உனக்குத் தோன்றியது என்று பிரித்து எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஆனால் ஆய்வேட்டைப் படிப்பவருக்கு உன் மனசு தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நூலில், "செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்மன் பெருமிதத்துடன் கூறுகிறான்" என்று இருப்பதாக வைத்துக்கொள். "பெருமிதத்துடன் கூறுகிறான்" என்பதைப் "பெருமையோடு சொல்கிறான்" என்று மாற்றினால் வாக்கியம் உன்னுடையது ஆகிவிடாது. புத்தகத்தை மூடிவிட்டுக் கல்வெட்டின் வாசகத்தை எடுத்துப் பார். அதில் இருப்பது 'விசித்திரசித்தன்' என்ற விருதுப்பெயர். அது முதலாம் மகேந்திரவர்மன்தான் என்பது, பிற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கண்ட முடிவு. கல் சொன்னது எது, அறிஞர் சொன்னது எது என்று இப்போது உனக்கே பிரிந்து தெரிகிறது அல்லவா? அப்படியே எடுத்து எழுதியிருந்தால் இந்த வேறுபாடு உன் கண்ணில் பட்டிருக்காது. திருட்டு எழுத்தால் முதலில் நட்டப்படுவது எழுதுகிறவர்தான்.

ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கிப் பெயர் சொல்லாமல் விடுவதும் இதே தவறுதான். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் பிடிக்காது என்று சிலர் துணிகிறார்கள். இன்று பிடிக்காமல் போகலாம். ஆய்வேடு 'சோத்கங்கா' தளத்தில் ஏறிவிட்டால், எத்தனை ஆண்டு கழித்தும் யாரும் திறந்து ஒப்பிடலாம். ஆண்டுகள் கழித்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெனாட்டா காலோஷ் 1996-இல் எழுதிய இயற்பியல் கட்டுரை, 2002-இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பெயரோடு வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டு அறிஞர்கள் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். 2003-இல் அந்தத் துணைவேந்தர் பதவி விலகினார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகளையே வகுத்துவிட்டது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு ஆய்வேட்டைத் தர முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. இந்த 10 விழுக்காட்டை யாரும் உரிமையாக நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு பத்தி என்றாலும் அடுத்தவர் கருத்து அடுத்தவர் கருத்துதான்.

தமிழுக்கு இந்த ஒழுக்கம் புதிதும் இல்லை. தொல்காப்பியரே 'என்ப', 'என்மனார்' என்று முன்னோரைச் சொல்லிச் சொல்லித்தான் இலக்கணம் எழுதினார். உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களின் முன்னுரையைப் புரட்டிப் பார். எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று நன்றியோடு குறித்திருப்பார். அதனால் அவர் உழைப்பு குறைந்துவிட்டதா? கூடத்தான் செய்தது.

இனிக் குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு போடு. இடப்பக்கம் நூலாசிரியர் சொல், பக்க எண்ணோடு; வலப்பக்கம் உன் சொல். சொல்லுக்குச் சொல் எடுத்தால் மேற்கோள் குறி, கருத்தை மட்டும் எடுத்தால் அடிக்குறிப்பு. மூலத்தைப் பார்க்காமல் இன்னொருவர் நூல்வழி அறிந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்.

நம் ஊரில் விதை மல்லாட்டை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவார்கள். "இது அவங்க விதை" என்று சொல்லித்தான் விதைப்பார்கள், விளைச்சல் விதைத்தவருக்கே. நீயும் யாருடைய விதை என்று சொல்லிவிட்டு எழுது. நான்காம் பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பு. அதில் உன் குரலைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா