மகளிர் பல்கலைக்கழகத்தில் முதல் பருவம்: புதிதாகச் சேரும் மாணவிக்கு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், பெண்களின் உயர்கல்விக்கென்றே தமிழ்நாடு அரசு 1984-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட வளாகத்தில் விழாவை நடத்துவதும் மைக் பிடிப்பதும் நன்றி சொல்வதும் மாணவிகள்தான். "பசங்க பார்த்துக்குவாங்க" என்று ஒதுங்க இங்கே வழியே இல்லை. அந்த வாய்ப்பை முதல் பருவத்திலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: மலைக்குத் தயாராகுங்கள்

ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் பேருந்தில் மலையேற வேண்டும். ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை நாட்களில் துவைத்த துணி மறுநாளும் சில்லென்று ஈரமாகவே கொடியில் தொங்கும். அதனால் ஸ்வெட்டரோடு இரண்டு செட் துணி கூடுதலாக எடுத்து வையுங்கள்.

படி 2: அறிவிப்புப் பலகையைத் தினமும் பாருங்கள்

தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள், உதவித்தொகை, போட்டி எல்லாம் அங்கே வரும். ஒரே குண்டூசியில் நாலைந்து தாள் குத்தியிருக்கும். மேல் தாளைத் தூக்கி அடியில் உள்ளதையும் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் தேதியைப் பலகையில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படி 3: உதவித்தொகையை விடாதீர்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, இப்போது இளநிலைப் பட்டமோ டிப்ளமோவோ படிப்பவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம், பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆதாரோடும் வங்கிப் புத்தகத்தோடும் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

படி 4: புகார் குழுவைத் தெரிந்துகொள்ளுங்கள்

2015-ம் ஆண்டின் யுஜிசி விதிப்படி, பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். மகளிர் வளாகமும் இதற்கு விலக்கில்லை. சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 90 நாட்களில் விசாரணை முடிய வேண்டும். மாணவிகள் சம்பந்தப்பட்ட புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவிப் பிரதிநிதிகளும் குழுவில் அமர்வார்கள். ராகிங் என்றால் தயங்காமல் 1800-180-5522 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண்.

படி 5: ஒரு செய்தி எழுதுங்கள்

துறையில் ஒரு கருத்தரங்கு நடந்தால் முன்வரிசையில் நோட்டோடு உட்காருங்கள். யார் பேசினார், எதைப் பற்றி, எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "விழா இனிதே நடைபெற்றது" என்பது செய்தி ஆகாது. கேள்வி கேட்ட மாணவியின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். பேராசிரியரிடம் காட்டித் திருத்தி, அன்று மாலையே பலகையில் குத்துங்கள்.

வகுப்பில் இதுவரை வாய் திறக்காமல் இருந்து, கருத்தரங்கில் கேள்வி கேட்ட அந்தப் பெண், பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கை தூக்குவாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுவாள்.