எந்த ஈயைக் கட்டுவது?

சென்ற ஆண்டு கைவேலை விற்பனைக்காக நாங்கள் 40 தலையணை உறைகளுக்குப் பூத்தையல் போட்டோம். ஒவ்வோர் உறையிலும் ஒரு மயில். ஒவ்வொரு மயிலுக்கும் 7 நிற நூல். பார்த்தவர் எல்லாரும் புகழ்ந்தனர். வாங்கியவரோ 6 பேர்தாம். மீந்த துணியில் விளையாட்டாகத் தைத்துப் போட்ட கரித்துணிகள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன! அந்த வருத்தம் ஆறாத நாளில்தான் மேரி ஆர்விஸ் மார்பரி என்னும் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்தோம். எதைச் செய்தால் விலைபோகும் என்ற கேள்வி அவருக்கும் இருந்தது. அவர் செய்து விற்ற பொருள் ஈ!

தோழியரே, சிரிக்க வேண்டாம். குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரௌட் என்னும் மீன், நீர்மேல் விழும் பூச்சிகளைப் பாய்ந்து பிடித்து உண்ணும். அதை ஏமாற்றுவதற்காகச் சிறு தூண்டில் முள்ளின்மீது பட்டு நூலும் பறவை இறகும் சுற்றிப் பொய்ப் பூச்சி ஒன்றைக் கட்டுவர். ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபிளை', அதாவது ஈ என்றே பெயர். முள்ளின் தண்டில் உடல், பின்னே வால், மேலே இறக்கை, கழுத்தைச் சுற்றிச் சேவலின் மெல்லிறகு, இவ்வளவுதான். ஊசி பிடித்துப் பழகிய கைக்கு இது எளிதில் வந்துவிடும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. எந்த வகையைக் கட்டுவது என்பதில்தான் சிக்கல்.

வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டர் என்னும் ஊரில் 1856-ஆம் ஆண்டு சார்ல்ஸ் ஆர்விஸ் என்பவர் தூண்டில் சாமான் தொழிலைத் தொடங்கினார். அவருடைய மகள் மேரி பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1876-இல் ஈ கட்டும் பிரிவின் பொறுப்பு மேரியிடம் வந்தது. அவருடன் இருந்து கட்டியவர்களும் பெண்களே.

அக்காலத்தில் ஈக்களின் பெயர்களில் பெருங்குழப்பம் இருந்தது. ஒரே பெயருக்கு ஓர் ஊரில் ஒரு ஈ, வேறோர் ஊரில் வேறு ஈ. ஒரே ஈக்குப் பல பெயர்களும் உண்டு. ஒருவர் பெயரை மட்டும் எழுதி ஒரு டஜன் கேட்டால், அவர் மனத்தில் இருப்பது எது என்று எவ்வாறு அறிவது? எல்லா வகைகளையும் கட்டி வைத்துவிடலாம் என்றாலோ, ஒவ்வொன்றுக்கும் தனி இறகு, தனி நூல், தனி அளவு முள் வாங்கிச் சேர்க்க வேண்டும். கையும் பழகாது. ஒன்றையே திரும்பத் திரும்பக் கட்டினால்தான் வேகம் வரும். ஒன்றுபோல் மற்றொன்றும் அமையும். (எங்களுக்கு ஐந்தாவது மயிலில்தான் அலகு ஒழுங்காக வந்தது. முதல் நான்கும் கொக்குகள் எனலாம்.)

ஆகவே நாட்டின் பல பகுதிகளிலுள்ள மீன்பிடிப்போருக்குக் கடிதங்கள் எழுதப்பட்டன. உங்கள் நீர்நிலையில் எந்த ஈக்கு மீன் வருகிறது என்பதே கேள்வி. 200-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர். அக்கடிதங்களையும், ஈக்களின் வண்ணப் படங்களையும், அவற்றின் பெயர்க் கதைகளையும் தொகுத்து 1892-இல் மேரி வெளியிட்ட பெருநூல்தான் 'ஃபேவரிட் ஃபிளைஸ் அண்ட் தேர் ஹிஸ்டரீஸ்'. அதன்பின், கேட்பவரும் கட்டுபவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடிந்தது.

பதில்கள் ஊருக்கு ஊர் மாறினாலும், சில பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்தன. அவற்றுள் ஒன்று 'கோச்மன்', அதாவது வண்டியோட்டி. வெள்ளை இறக்கை கொண்ட இந்த ஈயின் உடல் எதனால் ஆனது தெரியுமா? மயில் தோகையின் இழையால்! எங்கள் மயில்களை வாங்க ஆளில்லை. அங்கே மயிலிழை சுற்றிய ஈக்கோ அத்தனை கிராக்கி.

இதிலிருந்து பிறந்த மற்றோர் ஈயின் கதை சுவையானது. 1878-இல் ஜான் ஹெய்லி என்னும் நியூயார்க் தொழிலாளி, கோச்மன் ஈ உறுதியாக இருக்கட்டும் என்று அதன் நடுவுடலில் சிவப்புப் பட்டைச் சுற்றினார். வாத்து இறகால் வாலும் வைத்தார். சில நாள் கழித்து ஒரு மாலையில், ஈக்களுக்குப் பெயர் எதற்கு, எண்களே போதுமே என்று ஒருவர் வாதாடினார். அப்படியானால் இந்தப் புதிய ஈயை என்னவென்று அழைப்பது என்ற பேச்சு எழுந்தது. சார்ல்ஸின் சகோதரர், இத்தனை பகட்டாக உடுத்தியிருப்பதால் 'ராயல் கோச்மன்' என்று சொல்லுங்கள் என்றாராம். அழகுக்காக அன்றி வலுவுக்காகச் சுற்றிய சிவப்புப் பட்டே அதற்கு அடையாளமாயிற்று. அமெரிக்காவில் மிகவும் பெயர்பெற்ற ஈக்களுள் ஒன்றாகவும் அது ஆயிற்று.

கட்டும் வகையைத் தேர்வதில் இன்று வேறொரு கவலையும் உண்டு. சால்மன் மீனுக்கான பகட்டான ஈக்கள் பலவற்றுக்கு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்திறகு வேண்டும். மெழுகுப் பொட்டு வைத்தாற்போல் மின்னும் இறகு அது. நம் நாட்டில் அப்பறவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டில் ஈ கட்டுவோர் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகையோ மாற்று இறகையோ நாட வேண்டியதாகிறது.

இவ்வாண்டு விற்பனைக்கு இன்னும் 2 மாதங்கள் உள்ளன. நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அம்மாக்களையும் அத்தைகளையும் கேட்டு எழுதி வருகிறோம். இதுவரை 17 பேர் சொல்லியிருக்கிறார்கள். கரித்துணிக்கு 9 பேர், குடைக்கு உறை வேண்டுமென்று 5 பேர், சாப்பாட்டுப் பைக்கு 3 பேர். மயில் கேட்டவர் இன்னும் ஒருவருமில்லை.