சப்பாத்திக்கும் சோற்றுக்கும் ஒரே கணக்கு

இந்த மாதப் பாடம் சாப்பாட்டைப் பற்றியது. ‘லோ கார்ப்’ சமையல் புத்தகங்கள், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சமைக்கச் சொல்லும் புத்தகங்கள், இப்போது எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் ஒரு தட்டு நிறைய இருக்கு. அவற்றில் நம்ம குசினிக்கு எது ஒத்து வரும், எது வராது என்று பார்ப்போம்.

இளைஞர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். 2023இல் அது 15.6 விழுக்காடு. குறைந்த மாதிரி தெரிந்தாலும் இன்னும் ஆறு பேரில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னணி (எதில் முன்னணி பாருங்க). 18 முதல் 29 வயதுக்குள் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. நம்ம வயதுதான்.

என் அப்பாவுக்குப் பத்து வருஷமா இனிப்பு நீர். போன வருஷம் கண் பரிசோதனையில் விழித்திரையில் பாதிப்பு தொடங்கிவிட்டது என்றார்கள். அப்பா லோரி ஓட்டுகிறார். கண் மங்கினால் லைசன்ஸ் போகும், லைசன்ஸ் போனால் வீட்டுச் சம்பளம் போகும். “நீதான் படிச்ச பிள்ளையாச்சே, அப்பாவுக்கு என்ன ஆக்கிப் போடணும்னு பாத்து சொல்லுய்யா” என்று அம்மா கேட்டாங்க. செமஸ்டர் விடுமுறைக்கு நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த யோசனை புதுசு இல்லை. 1863இல் லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைத்து உடம்பு இளைத்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். 1920களில் இன்சுலின் வருவதற்கு முன், மாவுச்சத்தைக் குறைப்பதும் பட்டினி போடுவதும்தான் இனிப்பு நீருக்கு மருத்துவர்களிடம் இருந்த வழி. 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸின் புத்தகம் வந்த பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் லோ கார்ப். கீட்டோ என்பது இன்னும் கடுமை, 20 முதல் 50 கிராம்தான்.

நான் படிப்பது கெமிக்கல் இன்ஜினியரிங். முதல் வருஷத்திலேயே ‘மாஸ் பேலன்ஸ்’ சொல்லிக் கொடுப்பார்கள்: உள்ளே என்ன போகுது, வெளியே என்ன வருது, நடுவில் என்ன தங்குது. சமையல் குறிப்பையும் அப்படித்தான் படித்தேன். ஒரு தராசும் சுவரில் ஒட்டிய ஒரு தாளும் போதும்.

முதலில் நிறுத்துப் பார்த்தது அப்பாவின் இரவுச் சாப்பாடு. நோய் தெரிந்த நாளிலிருந்து சோறு கிடையாது, மூன்று சப்பாத்தி. நம்மில் பாதி வீட்டில் இதே கதைதானே? ஒரு சப்பாத்திக்கு 40 கிராம் மாவு, மூன்றுக்கு 120 கிராம். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 72 கிராம் மாவுச்சத்து. ஆக 86 கிராம். இப்போ சோற்றைப் பாருங்க. வெந்த வெள்ளைச் சோறு நூறு கிராமில் 28 கிராம். ஒரு பெரிய தட்டு, 300 கிராம், அதில் 84. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், அதனால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறலாம். ஆனால் அளவு ஒன்றேதான். பத்து வருஷமா அப்பா ஆசைப்பட்ட சோற்றை விட்டார், கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. பழுப்பரிசிச் சோறும் நூறு கிராமுக்கு 25 கிட்ட வரும். தட்டில் எது இருக்கு என்பதோடு எவ்வளவு இருக்கு என்றும் பார்க்கணும்.

இனி புத்தகத்துக்கு வருவோம். அமெரிக்கப் புத்தகத்தில் ‘ஒரு கப்’ என்றால் சுமார் 240 மில்லிலிட்டர், நம்ம வீட்டு மக் இல்லை. ‘நெட் கார்ப்’ என்று போட்டிருந்தால் மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்த எண். பொருள்கள்தான் பெரிய சிக்கல். காலையில் பன்றி இறைச்சி, மதியம் மாட்டிறைச்சி, இரவில் சீஸும் கிரீமும். நம்மில் பல வீடுகளில் இதில் பாதி உள்ளேயே வராது. அதுக்காகப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டாம். அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்யுது என்று கேளுங்க. இறைச்சி புரதத்துக்கு. அந்த இடத்தில் முட்டை, கெம்போங் மீன், கோழி வரலாம். வெள்ளிக்கிழமை, புரட்டாசி என்றால் பன்னீர், டோஃபு, தெம்பே. நூறு கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு, விலையும் மலிவு. மிளகு, சோம்பு போட்டு வறுத்தால் கறி வறுவல் மாதிரியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தட்டு காலியாகிறது.

பருப்பில் கவனம் தேவை. சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைப் புரதம் என்று மட்டும் நினைக்கிறோம். காய்ந்த பாசிப்பயறு நூறு கிராமில் புரதம் 24, மாவுச்சத்து 63, அதில் 16 நார்ச்சத்து. அரிசி மாவில் மாவுச்சத்து 80, புரதம் வெறும் 6. அதனால் அரிசித் தோசையை விடப் பயறுத் தோசை நல்லது. அதுக்காகக் கணக்கில் சேராது என்று ஆறு தோசை சாப்பிட முடியாது.

மூன்று புத்தகமும் பெருமையாகப் போட்டிருந்தது ‘காலிஃபிளவர் ரைஸ்’. பூக்கோசைத் துருவி எண்ணெயில் வதக்குவது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “இது நம்ம பொரியல்தானேய்யா, சோத்து மேல வைக்காம சோத்துக்குப் பதிலா வச்சிருக்கான்” என்றார். அதேதான். பூக்கோசு விலை ஏறும்போது முட்டைக்கோஸ் போதும், நூறு கிராமில் 6 கிராம் மாவுச்சத்துதான். பொடியாக நறுக்கி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள், உப்பு போட்டு, மூடாமல் பெரிய தீயில் நாலு நிமிஷம் வதக்குங்க. மூடினால் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. இப்போ அப்பாவின் தட்டில் 100 கிராம் சோறு, அதைவிட இரண்டு மடங்கு பொரியல், ஒரு துண்டு மீன். சோறு திரும்பி வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

தே தாரிக்கை மறந்துடாதீங்க. ஒரு மேசைக்கரண்டி இனிப்புப் பாலிலேயே பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை.

அடுத்ததை மட்டும் இரண்டு தடவை படிங்க. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், மருந்தை மாற்றாமல் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்: கை நடுக்கம், வியர்வை, மயக்கம். லோரி ஓட்டும்போது அது வந்தால்? எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் கீட்டோ பக்கம் போனால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக எதையும் தொடங்கக் கூடாது. நாங்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். மாத்திரை அளவைக் குறைத்த பிறகுதான் சோற்றின் அளவைக் குறைத்தோம்.

பலன் உண்டா என்றால், முதல் ஆறு மாதத்தில் சர்க்கரையும் எடையும் மற்ற உணவு முறைகளைவிட நன்றாக இறங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வருஷத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. காரணம் பெரும்பாலும், மக்கள் அதைத் தொடர முடியாமல் விடுவது. நோய் இல்லாத நமக்குக் கீட்டோ எல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும்.

கோயில் பிரசாதத்தை என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டான். ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை மறுக்க வேண்டாம்ப்பா, வாங்கிச் சாப்பிடு. நாம் கை வைக்க வேண்டிய இடம் அன்னதானப் பந்தி. அங்கே முதலில் சோறு மலையாக விழும், உருளைக்கிழங்கு வரும், பொரியல் கடைசி வரிசைக்கு வரும்போது தீர்ந்திருக்கும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பிறகு எடுத்தால் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்றும் ஆய்வுகள் உண்டு. பரிமாறுகிறவர்கள் நாம்தானே. அடுத்த மாதம் எங்கள் குழுவின் முறை. பொரியல் வாளியை முதலில் அனுப்புகிறோம், சோற்றுக் கரண்டியைச் சின்னதாக மாற்றுகிறோம். கேட்டால் இன்னொரு கரண்டி, கேட்காமல் வேண்டாம்.