இடக்கை வித்தகர்

பியானோ வாசிப்பில் மெட்டினை வலக்கையும் துணைச் சுரங்களை இடக்கையும் ஏற்பது பெருவழக்கு. வியன்னா நகரத்துப் பால் விட்கென்ஸ்டைன் 1913இல் அரங்கேறினார். மறு ஆண்டே முதலாம் உலகப் போரில் வலக்கையை இழந்து ருஷியரிடம் சிறைப்பட்டார். சைபீரியச் சிறைமுகாமில் ஒரு மரப்பெட்டியின்மீது இடக்கை விரல்களை ஓட்டிப் பழகினார். ஐந்து விரல்களுள் முழு இசையும் எங்ஙனம் அடங்கும் என நாம் வினவலாம். இடக்கையின் பெருவிரல் மேற்சுரங்களின் பக்கம் அமைதலின், வலிமிக்க அவ்விரலே மெட்டினை ஏற்கும்; கை கீழ்ச்சுரத்தைத் தொட்டு மேலே தாவுங்கால், மிதிகட்டை அந்நாதம் அறாமற் காக்கும். பிரெஞ்சு இசைப்புலவர் ராவேல் அவர்பொருட்டு இயற்றிய கான்சர்ட்டோ 1932இல் வியன்னாவில் ஒலித்தது. அதனை அவர் தம் மனம்போல் மாற்றி வாசித்ததை ராவேல் பொறுத்திலர். நாமும் அதைப் புகழ்வதற்கில்லை. புரோக்கோபியேவ் எழுதித் தந்ததையோ அவர் மேடையில் வாசிக்கவேயில்லை. 1956இல் பெர்லினில் அதனை முதன்முதல் வாசித்தவர், இரண்டாம் உலகப் போரில் வலக்கை இழந்த சீக்பிரீட் ராப் என்பார்.