எப்போது எடுத்த ரீடிங், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் சிதம்பரம் கீழ வீதியில் நின்றுகொண்டு போன் செய்தாய். "அண்ணே, டூரிஸ்ட் வண்டி ஒண்ணு செல்ஃப் எடுக்கல. பேட்டரி 12.2 காட்டுது. புதுசு மாத்தணும்னு சொல்லிடட்டுமா?" வண்டி எப்போது வந்து நின்றது என்று கேட்டேன். தெரியாது என்றாய். டிரைவர் எங்கே என்றால், பார்ட்டியோடு கோயிலுக்குள் போயிருக்கிறார் என்றாய். எனக்குக் கடையில் ஆள் காத்திருந்தது. பாதியில் வைத்துவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன். ஐடிஐ முடித்த கையோடு கடை போட்டிருக்கிற மற்ற பையன்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் பேரைப் போடவில்லை.

பேட்டரிக்குள் ஆறு செல். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் ஒன்றுக்கு 2.1 வோல்ட். ஆறுக்கும் சேர்த்து 12.6. பிரான்சில் பிளாந்தே என்பவர் 1859-இல் ஈயத் தகட்டைக் கந்தக அமிலத்தில் வைத்துச் செய்த நாளிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. மேலே ஒட்டுகிற ஸ்டிக்கரும் விலையும்தான் மாறுகின்றன. 12.4 என்றால் முக்கால்வாசி இருக்கிறது. 12.2 பாதி. 12 வந்தால் கால்வாசி. 11.8-க்குக் கீழே காலி. கவனித்தாயா, நிறைந்ததற்கும் காலியானதற்கும் நடுவில் முழுசாக ஒரு வோல்ட்கூடக் கிடையாது. அதனால்தான் முள் ஆடுகிற பழைய மீட்டரை நான் பரணில் போட்டேன். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டாத மீட்டரால் இந்த வேலைக்குப் பிரயோஜனமில்லை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ராத்திரி முழுக்க ஓய்ந்து கிடந்த பேட்டரிக்குத்தான். கடலூரிலிருந்து உன் ஊருக்கு ஓடி வந்து இப்போதுதான் நின்ற வண்டியில் மீட்டரை வைத்தால் 12.9 காட்டும், 13-கூடக் காட்டும். அது டபராவில் ஆற்றின காப்பியின் நுரை. டம்ளர் நிறைந்த மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் பாதிதான். ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிஷம் போட்டு அணை, கொஞ்சம் விடு, பிறகு பார். நுரை இறங்கியிருக்கும். அதைவிட நல்லது, காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன்னால் பார்ப்பது. இந்தக் காலத்து வண்டியில் கதவைத் திறந்தாலே நாலு கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது.

அந்த டூரிஸ்ட் வண்டிக்கு வருவோம். நீ பிறகு விசாரித்துச் சொன்னாயே: காலையில் வைத்தீஸ்வரன் கோயில், மத்தியானம் பிச்சாவரம். பார்ட்டி படகில் போன இரண்டு மணி நேரமும் டிரைவர் சீட்டைச் சாய்த்து, ஃபேனும் பாட்டும் போட்டுப் படுத்திருந்தார். மூன்று போன் சார்ஜில். அங்கிருந்து கீழ வீதிக்குப் பதினைந்து சொச்சம் கிலோமீட்டர். போன சார்ஜ் அதற்குள் திரும்பி ஏறிவிடாது. வந்து நின்ற இடத்திலும் அதே பாட்டு, அதே ஃபேன். அந்த 12.2 பசியில் கிடக்கிற பேட்டரி. அது செத்துவிட்டதா இல்லையா என்பதை வயிறு நிறைந்த பிறகுதான் பார்க்க முடியும். பாதி சார்ஜில் இருப்பதை லோடு டெஸ்டரில் போட்டால் நல்ல பேட்டரியும் ஃபெயில் ஆகும். முதலில் மெதுவாகச் சார்ஜ் ஏற்று. ஓயவிடு. அப்புறம் பேட்டரியின் சி.சி.ஏ. (குளிரில் செல்ஃப் அடிக்கிற ஆம்பியர்) எண்ணில் பாதி ஆம்பியரை 15 செகண்ட் இழுத்துப் பார். 9.6-க்குக் கீழே போகாமல் நின்றால் அதை மாற்றச் சொல்ல உனக்கு வாய் வரக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு: எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5-லேயே நின்றால், ஆறில் ஒரு செல் போய்விட்டது. ஐந்து செல்லுக்கு 10.5, கணக்கு சரி. அதற்கு என்னைக் கேட்க வேண்டாம்.

அடுத்தது நான் அசடு வழிந்த கதை. மஞ்சக்குப்பத்தில் நான் தனியாகக் கடை போட்ட புதிது. அண்ணாமலை நகரிலிருந்து ஒரு பேராசிரியர், மாருதி 800. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியைப் பார்த்தேன், மூன்று வருஷம் ஆகியிருந்தது. யோசிக்கவே இல்லை. புதுசு மாட்டி அனுப்பினேன், ஓடியது. நாலாம் நாள் திரும்பி வந்தார். அதே டக். புது பேட்டரியில் மீட்டர் 12.5 காட்டுகிறது, செல்ஃப் மோட்டார் அசையவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கொம்பில் வைத்தார். இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கிற கிளாம்பில் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை, நடுவில் என்ன வோல்ட் இருக்கப்போகிறது என்று மனதுக்குள் சிரித்தேன். "சாவியைத் திருப்பு" என்றார். மீட்டரில் 2 வோல்ட்டுக்கு மேல். கிளாம்பைக் கழற்றினால் உள்ளே நீலமும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. நான் புது பேட்டரி மாட்டியபோது இறுக்கி முடுக்கியதில் நாலு நாள் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வெந்நீரில் சோடா உப்பு கரைத்து ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினோம். பழைய பேட்டரியே போட்டு ஓடியது. பேராசிரியரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

ஆகவே செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் கொம்பில் இருக்க வேண்டும், கண் மீட்டரில் இருக்க வேண்டும். 10-க்கு மேல் நின்று எஞ்சின் சுற்றினால் சரி. 7, 8 என்று விழுந்தால் பேட்டரியைச் சந்தேகி. மோட்டார் இறுகியிருக்கிறதா என்றும் பார். 12.5-லேயே நிற்கிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் கரண்ட் கிளம்பவே இல்லை. கிளாம்பு, எர்த் பட்டை, ரிலே என்று வழியெல்லாம் தேடு. தேவனாம்பட்டினம், முதுநகர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து வண்டி வந்தால் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் எஞ்சினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் பட்டையைத் தொட்டுப் பார். உப்புக்காற்று அதைத்தான் முதலில் தின்னும்.

ஓடுகிற எஞ்சினில் 13.8-லிருந்து 14.5 வரை இருக்கலாம். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.5-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் ஆல்டர்னேட்டரில் குறையில்லை. காலையில் 14.4 காட்டிய அதே வண்டி அக்னி நட்சத்திர மத்தியானத்தில் 13.7 காட்டினால் பதறாதே. சூடு ஏற ஏற ரெகுலேட்டர் தானே குறைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்துப் போய்விடும். 15-ஐத் தாண்டி நின்று, அழுகின முட்டை வாடையும் அடித்தால்தான் ரெகுலேட்டர் போய்விட்டது என்று அர்த்தம். புது வண்டிகளில் இந்தக் கணக்கும் முழுசாகச் செல்லாது. 2015-இல் மாருதி சியாஸ் டீசலில் எஸ்.எச்.வி.எஸ். என்கிற ஹைபிரிட் ஏற்பாடு வந்ததிலிருந்து நம் ரோட்டிலும் இது சாதாரணமாகிவிட்டது: பிரேக் பிடிக்கும்போது அதிகம் ஏற்றும், வேகம் எடுக்கும்போது விட்டுவிடும். ஓடும்போதே 12.8 காட்டும், கொஞ்ச நேரத்தில் 14.8 காட்டும். நெகட்டிவ் கிளாம்பில் சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தால் அது அந்த ஜாதி என்று தெரிந்துகொள். அதில் ஜம்பர் கேபிளின் கறுப்பு முனையைக் கொம்பில் மாட்டாதே, பாடி எர்த்தில் மாட்டு.

இன்னொன்று. வண்டி ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றி, எஞ்சின் அணையாவிட்டால் டைனமோ நல்லது என்று காட்டுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் அம்பாசடரில் செய்தவன்தான். இன்றைய வண்டியில் செய்தால் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி ஈ.சி.எம். போய்விடும். அந்தச் செலவு உன் தலையில்.

தானே புயலை நீ சின்னப் பையனாகப் பார்த்திருப்பாய். 2011 டிசம்பர் 30 காலை கரையேறியது. அப்புறம் நாள் கணக்கில் கரண்ட் கிடையாது. ஊரில் கார் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் போன் சார்ஜ் போட வரிசை நின்றது. சிலர் பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் லைட் எரித்தார்கள். பொங்கலுக்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக என் கடைக்கு வந்தன: 11.2, 10.9, ஒன்று 8-க்கும் கீழே. நாலு ஆம்பியரில் நாள் முழுக்க ஏற்றினேன். சிலது எழுந்தன, சிலது எழவில்லை. கார் பேட்டரியின் தகடு மெல்லிசு. ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டத்தான் அதைச் செய்கிறார்கள். அடிவரை உறிஞ்சினால் தகட்டில் வெள்ளையாகச் சல்ஃபேட் இறுகிவிடும். எழுந்தவற்றிலும் 12.6 காட்டியதை நம்பி விட்டேன், செல்ஃபில் விழுந்தன. வோல்ட் இருந்தது, தெம்பு இல்லை. ஷெட்டில் நிற்கிற சிங்கப்பூர்க்காரர்கள் வண்டிக்கும் இதுதான் கதை. எல்லாம் அணைத்த பிறகும் 0.05 ஆம்பியர் இழுப்பது சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி பதினைந்து நாளில் பாதி. ஜி.பி.எஸ். மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

தண்ணீர் விஷயம் உனக்குத் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆர்.ஓ. தண்ணி, ஏசி தண்ணி என்று யார் சொன்னாலும் கேட்காதே. வேலைக்கென்று ஒரு பழைய சட்டை வைத்துக்கொள். ஆசிட் பட்ட ஓட்டை துவைத்த பிறகுதான் தெரியும், நல்ல சட்டை என்றால் வீட்டில் திட்டு விழும்.

பேட்டரியைச் சாகடிப்பது சித்திரை வெயில். ஆனால் அது காலை வாருவது மார்கழி விடியலில். ஆருத்ரா தரிசனத்துக்கு நாலு வீதியிலும் தேர் ஓடுகிற நாளில் வெளியூர் வண்டிகளை எங்கெங்கோ நிறுத்தியிருப்பார்கள், உன்னைத் தேடி ஆள் வரும். அதற்குள் நல்ல மீட்டர் கையில் இருக்கட்டும் என்று என்னுடையதைச் சனிக்கிழமை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு ஒயரில் கைப்பிடி ஓரம் வெடித்திருக்கிறது, டேப் சுற்றிக்கொள். அதற்குள் இருக்கிற 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டது, இப்போதைக்கு 12.4-ஐ 13 என்று காட்டுகிறது. முதலில் அதை மாற்று.

இப்படிக்கு,
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து
உன் அண்ணன்